நஞ்சறுத்த நாகங்கள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மருதாந்தை நாட்டை விடங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் அடுத்தவர் பயந்து நடுங்குவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு ருசி. அந்த ருசியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அரண்மனை வைத்தியர் மாகாளப் பண்டிதர். காட்டிலிருந்து நாகப்பாம்புகளைப் பிடித்துவரச் செய்து, வாயைப் பிளந்து, நஞ்சுப்பையைக் கத்தியால் அறுத்தெடுத்துவிட்டு, அவற்றைச் சபா மண்டபத்திலேயே திரிய விட்டார். பல் இருந்தது, படம் இருந்தது, சீற்றம் இருந்தது; விஷம் மட்டும் இல்லை. முறையிட வந்த குடியானவர்கள் காலில் பாம்பு ஏறியதும் மயங்கி விழுவார்கள். ராஜா வயிறு வலிக்கச் சிரிப்பான்.

மந்திரி தேவனூராருக்கு மட்டும் அந்த மண்டபத்துக்குள் நுழையவே பிடிக்காது. அங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேச்சு நின்ற நேரங்களில், வழவழத் தரையில் செதில் உரசும் ஓசை எங்கிருந்தோ கேட்கும். எவ்வளவு சாம்பிராணி போட்டாலும் அடங்காத அழுகல் வாடை வேறு. ஒருநாள் தூணடியில் சுருண்டிருந்த பாம்பொன்று அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. உள்ளே சீழ் கட்டியிருந்தது. திறந்த வாயை அதனால் மூட முடியவில்லை. அவர் கடந்து போகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றே விசாரித்தார். இரை தின்ன முடியாமல் பாம்புகள் சாகின்றன, செத்தவற்றை லாயத்துக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் பண்டிதர் புதியவற்றை அறுக்கிறார் என்று தெரிந்தது. ராஜாவிடம் போய், இது பாவம், ஆபத்தும்கூட என்றார். பண்டிதருக்கு மந்திரியின் பதவிமேல் வெகுநாளாகவே ஒரு கண். "மந்திரியாருக்குப் பாம்பென்றால் பயம். அந்தப் பயத்துக்குத் தர்மம் என்று பெயர் வைத்திருக்கிறார்" என்றார். சபையே சிரித்தது. தேவனூரார் தம் இருக்கைக்குத் திரும்பினார்.

இப்படியிருக்கையில் ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெயர் சூட்டும் நாளில் தொட்டிலுக்குள் ஒரு நாகத்தை விட்டு, அது இளவரசனுக்குக் குடை பிடிப்பதைக் குடிகளுக்குக் காட்டப்போவதாக ராஜா அறிவித்தான். யோசனை பண்டிதருடையது. ராணி அழுது பார்த்தாள், ராஜா கேட்கவில்லை. பிறகு மந்திரிக்கு ஆள் அனுப்பினாள்.

மறுநாள் சபை கூடியபோது தேவனூரார் மண்டபத்தின் நடுவில் நின்றிருந்தார். கையில் ஒரு பாம்புக்கூடை; மூடி திறந்திருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"மகாராஜா, பண்டிதரின் திறமையைச் சபை பார்க்கட்டும் என்று ஒரு காரியம் செய்தேன். கத்தி படாத காட்டு நாகம் ஒன்றும் இப்போது இவற்றோடு ஊர்ந்துகொண்டிருக்கிறது" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. ராஜா கால்களைச் சிம்மாசனத்தின்மேல் இழுத்துக்கொண்டான். நேற்றுவரை பாம்புகளைக் காலால் தள்ளிவிட்டு நடந்த காவலர்கள் மூச்சை அடக்கி நின்றார்கள். பாம்புகள் என்னவோ எப்போதும்போல்தான் ஊர்ந்தன.

"எது அது?" என்றான் ராஜா.

"பண்டிதரைக் கேளுங்கள். எல்லாவற்றையும் தம் கையால் அறுத்தவர் அவர்தானே."

தழும்பு வாய்க்குள் இருக்கும், வெளியே தெரியாது என்றார் பண்டிதர். அப்படியானால் ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்க்கச் சொன்னான் ராஜா. பண்டிதர் குனிந்தார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. கடைசியில், வடக்குத் தூணருகே படம் விரித்து நின்ற ஒன்றை எட்ட இருந்தே காட்டினார். மற்றவை மெலிந்து கிடக்கின்றன, இது மட்டும் தெம்பாக இருக்கிறது, ஆகவே இதுதான் புதிது என்றார்.

மந்திரி எலி ஒன்றை அதன் முன்னால் விடச் சொன்னார். ஒரே கொத்து. எலி கொஞ்ச தூரம் ஓடியது, நின்றது, பக்கவாட்டில் சாய்ந்தது. கால்கள் உதறி அடங்கின.

பண்டிதரின் முகம் தெளிந்தது. "பார்த்தீர்களா, மகாராஜா? பார்வையாலேயே கண்டுபிடித்துவிட்டேன். இதை அப்புறப்படுத்தினால் மீதி எல்லாம் பூங்கொடிதான்."

தேவனூரார் செத்த எலியையே பார்த்தார். எலி பிழைத்துக்கொள்ளும், பண்டிதருக்குத் தம் பாம்பையே அடையாளம் தெரியவில்லை என்று காட்டிவிடலாம், அவ்வளவுதான் அவர் போட்ட கணக்கு. எலி சாகும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"மகாராஜா," என்றார். "நான் பொய் சொன்னேன். எந்தப் பாம்பையும் கொண்டுவரவில்லை. கூடை வரும்போதே காலி."

திரைக்குப் பின்னால் ராணி குழந்தையை இறுக்கிக்கொள்ளும் வளையல் ஓசை கேட்டது. ராஜாவின் கை தன் தோளைத் தடவியது.

"நேற்று ஒன்றை எடுத்து இங்கே தோளில் போட்டுக்கொண்டேனே, அது எந்தப் பாம்பு?"

"தெரியாது, மகாராஜா" என்றார் பண்டிதர்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளிவந்தது. அறுக்கும்போது நஞ்சுப்பையின் ஒரு துணுக்கு உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டால் அது மறுபடி வளர்ந்து விஷம் சுரக்கக்கூடும் என்ற சந்தேகம் பண்டிதருக்கு முன்பே இருந்திருக்கிறது. சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று சொல்லவில்லை.

ராஜா பண்டிதரை அதே மண்டபத்தில் வைத்துப் பூட்டச் சொன்னான். தேவனூரார்தான் தடுத்தார். ராஜா அவர் பக்கம் திரும்பினான். "என்னிடம் பொய் சொன்னதற்கு உமக்குத் தண்டனை உண்டு. என் பிள்ளையைக் காப்பாற்றியதற்குப் பரிசும் உண்டு. எதை முதலில் தர?" என்று கேட்டான் ராஜா.

"ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளுங்கள், மகாராஜா. மீதி ஏதாவது இருந்தால், இனி ஒரு பாம்பின் வாயிலும் கத்தி படக்கூடாது என்று ஆணையிடுங்கள். இவற்றைக் காட்டில் விட்டால் பிழைக்காது. இரையைக் கொல்ல முடியாது. சுவர் எழுப்பிய தோப்பில் வைத்து, சாகும்வரை இரை கொடுத்துப் புண்ணுக்கு மருந்து போடவேண்டும். பண்டிதரே செய்யட்டும்."

அப்படியே ஆயிற்று. நீளக் கோலின் நுனியில் மருந்தைத் தோய்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தாம் கெடுத்த வாய்களுக்குப் பண்டிதர் நாள்தோறும் மருந்து போட்டார்.

பாம்புகளைப் பிடித்து அப்புறப்படுத்திய அன்று, எல்லாம் வந்துவிட்டனவா என்று ராஜா கேட்டான். எத்தனை விட்டோம் என்று நினைவில்லை என்றார் பண்டிதர். ராஜா எழுந்து வெளியே வந்து மண்டபத்தைப் பூட்டச் சொன்னான். இளவரசனுக்குத் திறந்த வெளியில், வெயிலில், பந்தல்கூட இல்லாமல்தான் பெயர் வைத்தார்கள். ராஜாவும் குடிகளும் அதற்கப்புறம் நெடுநாள் சௌக்கியமாக இருந்தார்கள். அந்தப் பூட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை.