நத்தைக்கு வேலை இல்லாமல் போன கதை

அந்தக் காலத்தில் நத்தைக்கு முதுகில் ஒன்றும் கிடையாது. ஓடும் கிடையாது, கூடும் கிடையாது. வாய் மட்டும் இருந்தது. எறும்பு, ஓணான், தவளை எல்லாமே பேசிய காலம்தான் அது. ஆனாலும் நத்தை அளவுக்குப் பேசிய பிராணி வேறு எதுவும் இல்லை. நடக்கவே நாள் கணக்காகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்க முடியும், சொல்லுங்கள்!

அப்போது சுக்காங்கரடு என்று ஒரு சின்னக் கல்மலை இருந்தது. அதன் அடிவாரத்தில் இருளாயி என்று ஒருத்தியும் அவள் புருஷன் சங்கிலியும் சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்தார்கள். கோடை முழுக்கக் கரட்டில் சுண்ணாம்பு ஆகிற சுக்காங்கல் பொறுக்குவார்கள். கல்லையும் விறகையும் காளவாயில் அடுக்கி, மேலே மண் பூசி மூடித் தீ வைப்பார்கள். வெந்த பிறகு திறந்து, கல்லை வெட்டவெளியில் பரப்பி ஒரு நாள் ஆறவிட வேண்டும். அதைக் கொடுத்துத் தானியம் வாங்கி வந்தால்தான் மழைக்காலத்தில் அவர்கள் அடுப்பு எரியும்.

சுட்ட கல்லுக்கு மழைதான் எமன். ஒரு தூறல் விழுந்தாலும் போதும், கல் கொதிக்கும், வெடிக்கும், குழைந்து ஓடிவிடும். மூடிய காளவாய்க்குள் இருக்கிற வரை பயமில்லை. அதனால் எந்த நாளில் திறப்பது என்பதுதான் அவர்கள் பிழைப்பில் பெரிய கேள்வி. வானத்தைப் பார்த்துச் சங்கிலி ஒன்று சொல்வான், வானம் வேறு ஒன்று செய்யும்.

ஒரு சித்திரை மாதம் இருளாயி கரட்டில் ஒரு கல்லைப் புரட்டினாள். அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அக்கா, கல்லைத் திருப்பி வையி. வெயில் சுள்ளுனு அடிக்குது."

குனிந்து பார்த்தாள். கட்டைவிரல் அளவுக்கு வழுவழுவென்று ஒரு நத்தை.

"வச்சுட்டுப் போறேன். ஆனா இந்தக் கல்லு எனக்கு வேணுமே."

"நாளான்னிக்கு வந்து எடுத்துக்கோ. நாளைக்கு மழை. ஈரமாயிட்டா நானே வேற இடம் பாத்துப் போயிருவேன்."

இருளாயி அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எனக்கு உடம்பு பூராத் தோலுதானே. மேக்கே எங்கயோ மேகம் கருத்தா எனக்கு இங்க அரிக்கும்."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். சங்கிலி விழுந்து விழுந்து சிரித்தான். "நத்தை சொல்லிச்சாம், இவ கேட்டுட்டு வந்தாளாம்! நாளைக்குத் திறக்கணும் புள்ள." ஆனால் அந்த வீட்டில் இருளாயி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காளவாய் திறக்கவில்லை. மறுநாள் உச்சிப் பொழுதில் இடி இடித்தது. கரட்டுக்கு அந்தப் பக்கம் காளவாயைத் திறந்துவிட்டவர்களின் கல் மொத்தமும் பாலாகக் கரைந்து ஓடியது. இவர்கள் கல் ஒன்றுகூட நனையவில்லை.

மழை விட்டதும் இருளாயி முதல் வேலையாகக் கரட்டுக்கு ஓடி அந்த நத்தையைத் தேடிப் பிடித்தாள். "எங்க வீட்டுக்கு வர்றியா? நிழலு உண்டு, தீனி உண்டு. மழையை மட்டும் சொல்லு." நத்தை யோசிக்கவே இல்லை. கல்லுக்கடியில் கிடந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

விரிசல் விட்ட ஒரு பானையில் ஈரமணல் போட்டு, வீட்டுக்கு வெளியே வடக்குச் சுவரோரம் வைத்தாள். வெள்ளரிப் பிஞ்சு, பூசணித் தோல், முருங்கைக் கீரை, எது கிடைத்தாலும் முதல் பங்கு பானைக்குப் போனது. நத்தை அவளை அக்கா என்றது, சங்கிலியை மச்சான் என்றது. காலையில் எழுந்ததும் இருளாயி பானையோரம் குனிந்து, "மழை உண்டா?" என்பாள். நத்தை இரண்டு கொம்பையும் நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, திற" என்றோ, "ரெண்டு நாளு பொறு" என்றோ சொல்லும். இரண்டு கோடை, ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் பானையைப் பார்க்க வந்து போனார்கள். நத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தலை எது கால் எது என்று அதற்கு எப்போதுமே புரியாது, அது வேறு விஷயம்.

மூன்றாவது கோடை பொல்லாத கோடை. கரட்டில் கள்ளிகூட வாடியது. நத்தை பானைக்குள் சுருண்டு, "எரியுதுக்கா, தாங்க முடியல" என்று முனகியது. இருளாயிக்குப் பொறுக்கவில்லை. காலையில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். பிறகு மத்தியானமும் தெளித்தாள். பிறகு பொழுது சாய்ந்தும் தெளித்தாள். பானை வாயில் ஈரத்துணி கட்டினாள். குடிக்கிற தண்ணீரை அரை மைல் நடந்து தூக்கி வருகிறவள், அதில் ஒரு செம்பை நத்தைக்கென்று ஒதுக்கினாள். நத்தையும் நன்றாகக் கொழுத்தது.

அங்கேதான் வந்தது வினை. இருபத்துநாலு மணி நேரமும் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் தோல் என்ன ஆகும்? ஒருநாள் காலையில் இருளாயி, "மழை உண்டா?" என்று கேட்டாள். நத்தை கொம்பை நீட்டியது. ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நீட்டியது. மேற்கும் ஒன்றுதான், கிழக்கும் ஒன்றுதான், எல்லாம் அதே ஈரம். 'தெரியலக்கா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சங்கிலி கஞ்சி குடித்துக்கொண்டே, "என்னடா இவ்வளவு யோசனை? மழை சொல்லாத நத்தை எனக்கு எதுக்கு? வெள்ளரிப் பிஞ்சுக்குத்தான் கேடு" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சும்மா கிண்டலுக்குச் சொன்னான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் நத்தைக்கு அது ஊசி குத்தியது போலப் பட்டது. பானை போனால் மறுபடி அந்தக் கல்லுக்கடிதான். அக்கா இல்லை, பேச்சு இல்லை.

"மழை இல்லக்கா" என்றது.

அன்றைக்கு மழை இல்லை. மறுநாளும் அப்படியே சொன்னது, மறுநாளும் மழை இல்லை. கடுங்கோடையில் மழை இல்லை என்று சொல்வதற்கு நத்தை எதற்கு? நானே சொல்வேன். ஆனாலும் சொல்வது பலிக்கப் பலிக்க நத்தைக்குத் தைரியம் வந்துவிட்டது. தனக்குத் தெரியவில்லை என்பதே அதற்கு மறந்து போயிற்று.

அந்த வருஷம் காளவாய் நிறைந்திருந்தது. நான்கு மாதம் பொறுக்கிய கல், ஒரே சூளை. அதற்குமேல் சுட விறகும் இல்லை, நாளும் இல்லை. திறக்க வேண்டிய நாள் வந்தது. விடிந்ததும் சங்கிலி சுவரைப் பார்த்து நின்றான். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"ஏ புள்ள, எறும்பு ஏறுதே. எனக்கு என்னமோ சரியாப் படல."

"எறும்பு கெடக்குது. நம்ம வீட்டுல ஆளு இருக்கையில எறும்பை எதுக்குப் பாக்கிற?" என்று சொல்லிக்கொண்டே இருளாயி பானையிடம் போனாள். "நல்லா பாத்துச் சொல்லு சாமி. நாலு மாசக் கல்லு. மழை உண்டா?"

நத்தை கொம்பை நீட்டியது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது.

"மழை இல்ல. அடிச்சுச் சொல்றேன். திற."

திறந்தார்கள். வெந்த கல்லை வாரி வாரி வெளியே பரப்பினார்கள். உச்சி சாய்வதற்குள் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. இருளாயி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேற்கே கருத்துக் கிடந்தது. பாயை எடு, சாக்கை எடு என்று கத்துவதற்குள் பொத்துக்கொண்டு ஊற்றியது.

கல் சீறியது. ஆவி பறந்தது. அங்கங்கே படார் படார் என்று வெடித்தது. இருளாயி பனையோலைப் பாயைத் தூக்கிக்கொண்டு அதற்குள்ளேயே ஓடினாள். சங்கிலி பாய்ந்து இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். "கண்ணு போயிரும்டி! போனாப் போகுது, விடு!" கண் தப்பியது. கொதித்த சுண்ணாம்பு வலது கை முழுக்கத் தெறித்திருந்தது. நான்கு மாத வேலை வெள்ளை வெளேரென்று ஓடையில் இறங்கிப் போவதை இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

நத்தை பானை விளிம்பில் இருந்தது. மழை தன் மேல் விழுந்த பிறகுதான் மழை என்றே அதற்குத் தெரிந்தது.

பொழுது சாயும்போது மழை விட்டது. வாசற்படியில் உட்கார்ந்து சங்கிலி அவள் கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அப்போது சுவரோரமாக என்னவோ ஊர்வது தெரிந்தது. நத்தை பானையை விட்டு இறங்கி, வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள்.

"கல்லுக்கடிக்கு."

"சொல்லாமக் கொள்ளாமயா?"

நத்தை நின்றது. "எனக்கு ஒரு மாசமாவே ஒண்ணும் தெரியலக்கா. தோலு மரத்துப் போச்சு. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

இருளாயிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? எறும்பைப் பாத்திருப்போமே! இந்த மனுஷன் சொன்னதைக் கேட்டிருப்பேனே! நாலு மாசம் முதுகு ஒடியப் பொறுக்கினேன், பாவி!"

"தெரியலன்னு சொன்னா வெளிய போட்டுருவீங்கன்னு பயந்தேன். மழை சொல்லத்தானே என்னைக் கொண்டாந்த? மச்சானும் சொன்னாரே, மழை சொல்லாத நத்தை எதுக்குன்னு."

சங்கிலிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அடேய், நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டா" என்றான்.

இருளாயி நத்தைப் பக்கம் குனிந்தாள். பிறகு சொன்னாள்: "பொய் சொல்ல மாட்டேன். மழை சொல்லத்தான் கொண்டாந்தேன். ஆனா போன பங்குனியில மூணு நாளு நீ கண்ணு முழிக்காமக் கெடந்தியே, நான் சோறு தண்ணி இல்லாம பானைகிட்டயே உக்காந்திருந்தேன். மழை கேக்கவா உக்காந்திருந்தேன்?"

நத்தை பேசவில்லை. அது பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"தோலு மரத்தது என்னாலதான். கேக்காமலே தண்ணியை ஊத்தி ஊத்திக் கெடுத்தேன். அதுக்காக இந்த உடம்பை வச்சுக்கிட்டு வெட்டவெளியில போய்ச் சாகப்போறியா? இரு."

எழுந்து போய்க் கல் பரப்பியிருந்த இடத்தில் தேடினாள். ஒரு குழியில் ஒரு கை அளவுக்குச் சுண்ணாம்பு குழைந்து தேங்கி, ஆறிக் கிடந்தது. வழித்து எடுத்தாள். முட்டை வெள்ளைக்கருவை ஊற்றிப் பிசைந்தாள். வலது கை எரிந்ததால் இடது கையால், முறுக்குச் சுற்றுவது போல உள்ளிருந்து வெளியே ஒரு கூடாகச் சுற்றிக்கொண்டே வந்தாள். விரலால் வழவழவென்று தேய்த்து, விடிய விடியக் காயவைத்து, காலையில் நத்தையின் முதுகில் வைத்தாள். நத்தை மெதுவாகப் பின்வாங்கி உள்ளே போனது. சரியாக இருந்தது.

"இனி உன் ஈரம் உனக்குள்ளயே இருக்கும். ரொம்பக் காஞ்சா சுண்ணாம்புத் தண்ணி மேல படியுற ஆடை மாதிரி ஒரு கதவைப் போட்டுச் சாத்திக்கிட்டுத் தூங்கு. போகணும்னா போ. இருக்கணும்னா பானை அங்கயேதான் இருக்கு."

நத்தை தலையை நீட்டி, "இனி மழையைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்க்கா" என்றது.

"உன்னை யாரும் கேக்கப் போறதும் இல்லை" என்றாள் இருளாயி.

நத்தை வாசலைப் பார்த்தது. பிறகு திரும்பி, அரை நாள் எடுத்துக்கொண்டு, பானைக்குள் ஏறியது.

அந்த மழைக்காலம் அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் போனது. ஓடை நண்டும் கரட்டுக் கிழங்கும் தின்று ஒப்பேற்றினார்கள். அடுத்த கோடையில் சங்கிலி எறும்பைப் பார்த்துக் காளவாய் திறந்தான். சில நாள் சரியாக இருந்தது, சில நாள் தப்பியது. காலையில் பானையோரம் குனிகிற பழக்கத்தை மட்டும் இருளாயி விடவில்லை. குனிவாள், வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி வைப்பாள், ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள்.

அன்று முதல்தான் நத்தை தன் வீட்டைத் தானே சுமக்கிறது, இடது கையால் சுற்றிய அந்தச் சுழி ஒரே பக்கமாக ஓடுகிறது, வீட்டைப் பழுது பார்க்க அது சுண்ணாம்புச் சுவரை நக்குகிறது. இன்றைக்கும் கண்ணாடிப் பெட்டியில் நத்தை வளர்க்கிறவர்கள் முட்டை ஓட்டை நொறுக்கி ஒரு மூலையில் போடுகிறார்கள், தண்ணீரை அளவாகத் தெளிக்கிறார்கள். மழை வந்தால் நத்தை வெளியே வரும், வராவிட்டால் கதவைச் சாத்தும், வாய் மட்டும் திறக்காது. வேட்டையாடு என்றோ காவல் இரு என்றோ ஒரு சொல் அதனிடம் யாரும் சொல்வதில்லை. ஒரு வேலையும் செய்யாத அதற்கு, காலையில் வெள்ளரித் துண்டு தவறாமல் வந்துவிடுகிறது.