எட்டாத கிளை

உயிர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், பச்சோந்தியைப் போலத் தாவத் தெரிந்தவர் காட்டில் யாருமில்லை. அந்தக் குலத்தில் சடையன் என்றொருவன். அவன் மனைவி பூவாயி.

அந்தக் கோடையில் பூச்சிகளெல்லாம் சுனைக்கு இறங்கிவிட்டன. சுனைமேல் சாய்ந்த மருதங்கிளையில் சடையன் ஒரு மாதம் தண்ணீரையே பார்த்துக் கிடந்தான். பூச்சி நீரைத் தொட்டதும் நாக்கை நீட்டுவான். வானமும் எதிர்க்கரை மரங்களும் அந்த நீருக்குள்தான் நிழலாய் விழுந்து, அவன் நாக்கெட்டும் தூரத்தில் கிடந்தன.

பூவாயிக்கு முட்டை கனத்தது. இந்தக் கரை முழுக்கப் பாறை. குழி பறிக்க மண் எதிர்க்கரையில்தான்.

"கீழ இறங்கிச் சுத்திப் போயிடுவோமே," என்றாள்.

"வயித்துச் சுமையோட அவ்வளவு சுத்து எதுக்கு? எதிர்க்கிளை இதோ, கைக்கெட்டுற தூரம். ஒரே தாவு."

மேல்கிளை அணில் சிரித்தது. "அண்ணே, தண்ணியையே பாத்துப் பாத்து உம்ம கண்ணு மாறிப்போச்சு. ரெண்டு நாள் காட்டைப் பாரும், அப்புறம் தூரம் சொல்லும்."

"கொட்டை கொறிக்கிற பய, எனக்கு அளவு சொல்ல வந்துட்டான்!"

பூவாயி தயங்கினாள். "எனக்கும் தூரமாத்தான் தெரியுது."

"பாரத்துல அப்படித்தான் தெரியும். தாவு."

"நீங்க சொன்னாச் சரி," என்று தாவினாள்.

"எட்டலையே..." என்று பாதி வழியில் அவள் குரல் கேட்டது. கீழே, நீர் வற்றி வெளிவந்த பாறை.

சடையன் இறங்கி ஓடினான். அவளும் இல்லை, ஒரு முட்டையும் மிஞ்சவில்லை.

திரும்பி ஏறியவன் தண்ணீரைப் பார்க்கவேயில்லை. எதிர்க்கிளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் அவன் கண்ணுக்கு அது விலகி விலகிப் போனது. பத்தாம் நாள், என்றும் இருந்த இடத்தில், மூன்று தாவு தூரத்தில் நின்றது. கண்ணைக் குற்றம் சொல்ல அவனால் முடியவில்லை. ஒரு மாதமாய்த் தண்ணீரில் பார்த்ததைத்தானே அது சொன்னது? அவளுக்குச் சரியாகத் தெரிந்ததைப் பொய்யாக்கிய வாய் யாருடையது?

அன்று முதல்தான் பச்சோந்தி தாவுவதில்லை. காலடியிலேயே கிளை இருந்தாலும், தூக்கிய காலை ஊன்றாமல் முன்னும் பின்னும் ஆடி ஆடி அளக்கிறது. ஒரு கண் முன்னே கிளையைப் பார்க்க, மற்றொரு கண் மட்டும் தனியே திரும்பி, இன்னமும் கீழே தேடுகிறது.