காலி என்று செதுக்கிய பலகை

அமெரிக்காவின் மேற்கே ஒரு பெரிய புல்வெளி. அதில் தரையணில்கள் கூட்டமாக வளை தோண்டி வாழ்ந்தன. மேலே பார்த்தால் புல்லும் காற்றும்தான். கீழே ஓர் ஊரே இருந்தது! புதுக்குரல் கேட்டால் வளைக்குள் பாய வேண்டும், மூச்சுக் காட்டக் கூடாது. இதுதான் அந்த ஊர் வழக்கம்.

அங்கே துருவி என்று ஓர் அணில். "அது ஏன்? இது எதற்கு?" என்று கேட்டே எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிடும்.

ஒரு நாள் கிழக்கேயிருந்து பீவர்கள் வந்தன. பல்லாலேயே மரம் அறுத்து அணை கட்டும் கெட்டிக்காரப் பிராணிகள். அங்கே இருந்த மரங்களையெல்லாம் தீர்த்துவிட்டு, இந்தப் புல்வெளியின் ஓடைக்கரை மரங்களைத் தேடி வந்திருந்தன. தலைவன் பெயர் பலகைப்பல்லன். அது ஒரு கல்லின் மேல் ஏறிக் கத்தியது.

"இங்கே யாராவது இருக்கிறீர்களா?"

அணில்கள் வளைக்குள் பாய்ந்தன. பலகைப்பல்லன் மூன்று முறை கேட்டது. பதிலே இல்லை.

"காலி!" என்று அது குதித்தது. உடனே ஒரு பலகையில் 'இங்கே யாருமில்லை. காலி இடம்' என்று பல்லால் செதுக்கி நட்டது.

துருவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதுவரை கேட்டிராத சொல் அல்லவா! வளையிலிருந்து தலையை நீட்டியது.

"ஐயா, காலி என்றால் என்ன?"

பலகைப்பல்லன் திடுக்கிட்டது. "யாரும் இல்லாத இடம்!"

"நான் இருக்கிறேனே! இந்தப் புல்லுக்குக் கீழே நாங்கள் நானூறு பேர் இருக்கிறோமே!"

"கேட்டபோது வாயில் என்ன கொழுக்கட்டையா? பலகை நட்டாயிற்று. பலகையில் செதுக்கியதுதான் சட்டம்!"

மளமளவென்று வேலை நடந்தது. ஓடையில் அணை எழுந்தது. பக்கத்திலேயே மர ஆலை. மரம் ஏற்றிவர நீளமாக ஒரு தண்டவாளம். அந்த வழியாக வந்த காட்டெருமைகள், "எங்கள் பாதை எங்கே?" என்று கேட்டன. பீவர்கள் வேலையை நிறுத்தவில்லை. வடக்கே போன அவை திரும்பவே இல்லை.

அணைத் தண்ணீர் ஏறி வளைகள் மூழ்கின. வேறு வழியில்லாமல் அணில்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தன. முன்பு அவற்றைச் சூரியன் எழுப்பியது. இப்போது ஆலைச் சங்கு எழுப்பியது. சங்கு ஊதினால்தான் சாப்பாடு.

துருவி சும்மா இருக்குமா? "ஐயா, எனக்குப் பசிப்பது சங்குக்கு எப்படித் தெரியும்?"

பலகைப்பல்லன் முறைத்தது. "போய் வேலையைப் பார்!" என்றது.

சில வருடங்கள் போயின. கிழக்கேயிருந்து கரடிகள் வந்தன. மர ஆலை எல்லாம் பழைய காலம். அவை இரும்பு உருக்கும் உலையோடு வந்திருந்தன. முன்னால் நின்ற கரடி உறுமியது.

"இங்கே யாராவது இருக்கிறீர்களா?"

பீவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. புதுக்குரல் கேட்டால் வாலால் தண்ணீரை அறைந்துவிட்டு அடியில் மறைந்துகொள்ளும். எல்லாம் மறைந்துகொண்டன!

கரடி இரண்டாம் முறை கேட்டது. பேசாமல் இருந்துவிடலாமா என்று துருவி ஒரு கணம் நினைத்தது. அன்று பேசாமல் இருந்ததால் மூழ்கிய வளைகள் நினைவுக்கு வந்தன. மனம் கேட்கவில்லை.

"இருக்கிறோம்! நாங்களும் இருக்கிறோம், தண்ணீருக்கடியில் பீவர்களும் இருக்கிறார்கள்!" என்று கத்தியது.

கரடி குனிந்து பலகையைப் படித்தது. "இங்கே யாருமில்லை என்றல்லவா இருக்கிறது! இல்லாத நீ எப்படிச் சாட்சி சொல்வாய்? காலி!"

ஒரே அறை. அணை உடைந்தது. தண்ணீர் வடிய, சேறும் பாசியுமாகப் பலகைப்பல்லன் வெளியே ஓடி வந்தது.

"ஐயோ, இது என் அணை! நான் இருக்கிறேன்!"

"அப்படியா? இந்தப் பலகையில் இருப்பது யார் பல் தடம்?"

பலகைப்பல்லன் தலை குனிந்தது. "என்... என் பல்தான்."

"பிறகென்ன? பலகையில் செதுக்கியதுதான் சட்டம்!" என்றது கரடி.

இருப்பவரை இல்லை என்று சொல்லி இடம் பிடிப்பவன், ஒரு நாள் தானும் இல்லாதவன் ஆவான்.