திருப்பிச் சொல்ல ஒரு ஆள்

"நாற்பத்தொரு நாள் நான் வாயைத் திறக்கலைம்மா. உள்ளே ஒருத்தன் வாயை மூடவே இல்லை."

துரைக்கண்ணு பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இதைச் சொன்னார். மௌன விரதம் அன்று காலையில்தான் முடிந்திருந்தது. அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

யோகாம்பாள் அம்மா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆசிரமத்தின் குரு. துரைக்கண்ணுவைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் அவருக்கும் அம்மாதான்.

"பை எதுக்கு?"

"வீட்டுக்குக் கிளம்பறேன்."

"அங்கே அவர் பேசமாட்டாரா?"

"அங்கேதான் அதிகம் பேசுவான். தாங்கமுடியாமத்தானே இங்கே வந்தேன்."

"அப்புறம்?"

துரைக்கண்ணு பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். வேறு போக்கிடம் இல்லை.

அம்மா ஒரு கை மொச்சையை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்கார்ந்தார். பையைக் கழற்றவில்லை.

"உள்ளே பேசறது யாரு?"

"நான்தான்."

"கேக்கறது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டும் நீங்கன்னா எதுக்குப் பேசணும்? சொல்றவருக்குத் தெரிஞ்சது கேக்கறவருக்கும் தெரியுமே."

"அதான் எனக்கும் புரியலை. தெரிஞ்சதைத்தான் சொல்றான். ஒரே விஷயம். திரும்பத் திரும்ப."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"வாயை மூடுடாம்பேன். ஜபம் பண்ணி அமுக்கிப் பார்ப்பேன். இன்னும் சத்தமாச் சொல்வான்."

அம்மா இன்னும் இரண்டு காய் உரித்துப் போட்டார்.

"ரயில் ஓட்டினவர்தானே நீங்க? இன்ஜின்ல தனியாவா இருப்பீங்க?"

"ரெண்டு பேர். எனக்கு உதவிக்கு ஜோசப்."

"என்ன பேசிக்குவீங்க?"

"பேச்சு என்ன பேச்சு. சிக்னல் தெரிஞ்சதும் அவன் 'பச்சை'ன்னு கத்துவான். நானும் பார்த்து 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்லணும். அது விதி."

"ஏன், உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"

துரைக்கண்ணு சிரித்துவிட்டார். "கண்ணு பார்த்துடும்மா. மனசு எங்கேயோ இருக்கும். வாயால சொன்னாத்தான் பார்த்த மாதிரி."

"நீங்க திருப்பிச் சொல்லலைன்னா?"

"ஜோசப்பா, விடுவானா? மறுபடி சொல்வான். இன்னும் சத்தமா. நான் சொல்ற வரைக்கும்..."

நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த மொச்சை முறத்தில் விழாமல் தரையில் உருண்டது.

அம்மா அதை எடுத்து முறத்தில் போட்டார்.

"என்ன சொல்றார் உள்ளே?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

துரைக்கண்ணு இதை யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட. இப்போது உள்ளே அவன் சொல்வதை அப்படியே சொன்னார்.

"பரிமளா மூச்சு வாங்குதுன்னு சொன்னா. நீ டூட்டிக்குப் போயிட்டே."

பரிமளா அவர் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் வண்டி ஜோலார்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது வீட்டில் தனியாக இறந்துபோனவள்.

அம்மாவின் கை நின்றது. ஆறுதல் சொல்லிவிடுவாரோ என்று துரைக்கண்ணு பயந்தார். அவர் சொல்லவில்லை. சும்மா காத்திருந்தார், பக்கத்து இருக்கையில் ஜோசப் காத்திருப்பதைப் போல.

துரைக்கண்ணு முதுகை நிமிர்த்திக்கொண்டார். நேரே பார்த்தார்.

"மூச்சு வாங்குதுன்னு சொன்னா," என்றார். "நான் போயிட்டேன்."

உள்ளே அந்தக் குரல் மறுபடி வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

கிணற்றடியில் யாரோ வாளியை இறக்கினார்கள். ராட்டினம் கிறீச்சிட்டது. நாற்பத்தொரு நாளும் அது கிறீச்சிட்டிருக்கவேண்டும். இன்றுதான் கேட்டது.

பை தோளிலிருந்து நழுவியது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, உள்ளே அவன் மெல்லத் தொண்டையைச் செருமினான். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேறு ஒன்று சொன்னான்.

முப்பது வருஷப் பழக்கம். துரைக்கண்ணு அதை உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"சாப்பிட்டியா?"

அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னும் இல்லை," என்றார். "வாங்க."