பலகைக்கு மூன்று துளை

சந்தேகப்படுவதற்கென்றே முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கியவர் ஆவுடையப்பன். தூத்துக்குடித் துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகராக இருந்தார். வந்திறங்கும் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், அப்படியும் மனசு ஆறாவிட்டால் துளைத்துப் பார்ப்பார். ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையைக்கூட நாரைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று ஆபீசில் ஒரு கேலி உண்டு.

வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் அவர் வீட்டு வாசலில் கால்மணி நேரமாவது நிற்க வேண்டும். அதெல்லாம் போகட்டும். அந்தப் பழக்கம் பெற்ற மகளையே வீட்டைவிட்டு விரட்டியிருந்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மருமகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் மாமனார் அவருடைய பையைத் திறந்துவிட்டார். துணியைக் காயப் போட வந்த மகள் கோமதி அதைப் பார்த்தாள். இலையில் போட்டிருந்த சாப்பாட்டைத் தொடாமல், அன்று மத்தியானமே புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு பிள்ளை பிறந்தது. அதையும் போட்டோவில்தான் பார்த்தார்கள்.

இப்போது அவள் அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தாள். "அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை பிள்ளையத் தூக்கிட்டு வாரேன். சாயங்காலம் கெளம்பிருவேன். தங்கச் சொல்லி ஒங்க வீட்ல யாரும் கேக்கக் கூடாது."

ஆவுடையப்பனின் மனைவி சண்முகவடிவு அவரைக்காய் நறுக்கியபடியே, "பிள்ளையப் போட ஒரு கட்டில் கெடந்தா ஒரு ராத்திரி தங்குவாளோ என்னவோ" என்றாள்.

அந்த ஒற்றை வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் மனிதர். கடையில் வாங்கலாம்தான். ஆனால் கடைக்காரன் என்ன மரம் போட்டிருக்கிறானோ, என்ன பெயிண்ட் அடித்திருக்கிறானோ, யார் கண்டது? தானே செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

துறைமுகச் சாலையில் மரியபுஷ்பம் என்ற பெண்ணின் மரக்கிடங்கு இருந்தது. கிட்டங்கி என்பது ஊர்ப் பேச்சு. கப்பல் சரக்கை அடுக்கி அனுப்பும் மரத்தட்டுகளைப் பேலட் என்பார்கள். உடைந்த பேலட்டுகள் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். அவற்றைப் பிரித்துப் பலகையாக்குவது அவள் தொழில். வீட்டுக்கு அலமாரி, செருப்பு ஸ்டாண்டு என்று தானே செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு வேலையும் சொல்லித் தருவாள். அவளுக்கு முப்பத்துநாலு வயது. அவருக்கு அறுபத்தொன்று. மகள் வயதுப் பெண்ணிடம் கைகட்டி நிற்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"ஏம்மா, ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பித்தார். வேறெப்படி ஆரம்பிப்பார்?

"கேளுங்க அண்ணாச்சி."

"இத்தன பலகை கெடக்கு. எதை நம்பலாம், எதை நம்பக் கூடாதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

அவள் ஒரு பேலட்டை அவர் முன்னால் இழுத்துப் போட்டு, நெம்புகம்பியைக் கையில் கொடுத்தாள்.

ஆவுடையப்பன் பலகையின் நுனியில் கம்பியைக் கொடுத்து ஓங்கி நெம்பினார். பலகை நீளவாக்கில் பிளந்தது. இன்னொன்று. அதுவும் பிளந்தது. ஆணி மட்டும் அசையவில்லை.

"முறுக்கு ஆணி. இழுத்தா வராது" என்றாள் மரியபுஷ்பம். பலகைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவில் இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை நுழைத்து நாலு இழுப்பு இழுத்தாள். ஆணி அறுந்தது. பலகை தானாகக் கையில் வந்தது.

"ஆணியோட தல பலகையிலயே கெடக்கே?"

"கெடக்கட்டும். அதால ஒரு கெடுதலும் இல்ல."

இவ்வளவு சுலபமாக ஒருத்தி சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் ஒரு காந்தத்தை எடுத்துவந்து, அவள் பார்க்காதபோது பலகை முழுக்க ஓட்டிப் பார்த்தார்.

நாலு நாளில் கை படிந்தது. கண் மட்டும் பலகையில் இல்லை. கிட்டங்கியின் பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு பேலட்டுகள் முகத்தைச் சுவருக்குக் காட்டி நின்றன. அவற்றை யாரும் பிரிக்கவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. அந்தப் பக்கம் யாராவது போனால் மரியபுஷ்பம், "அங்கன வேண்டாம்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

போதாதா? முப்பத்தொரு வருஷத்து ரத்தம் சூடேறியது. ஐந்தாம் நாள் அவள் டீ குடிக்கப் போன சமயம் ஆவுடையப்பன் பூனை நடை நடந்து பின்பக்கம் போனார். ஒரு பேலட்டைத் திருப்பினார். அடிக்கட்டையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை. பக்கத்தில் எம்.பி. என்று இரண்டு எழுத்து. அது அவருக்குத் தெரியாததா? பூச்சி சாக விஷப்புகை போட்ட மரம்.

டீயோடு திரும்பியவளை வாசலிலேயே மறித்தார்.

"விஷ மரம் வெச்சிருக்கியே!"

"ஆமா அண்ணாச்சி. அதான் சுவரப் பாத்து நிக்கி."

"யாரு தலையில கட்ட?"

"யாரு தலையிலயும் இல்ல. கொண்டுவந்த லாரி வெள்ளிக்கிழமை வரும். அதுலயே திருப்பி ஏத்திருவேன். உங்களுக்குக் குடுத்ததெல்லாம் ஹெச்.டி. போட்டது, சூட்டுல வாட்டுன மரம்."

"அத மொதல்லயே எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. எட்டிப் பாத்தீங்க."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. மருமகன் பை விஷயம் தெரிந்துதான் சொன்னாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு அவராகவே உட்கார்ந்து மருமகன் பையின் கதையைச் சொன்னார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பைக்குள்ள என்ன இருந்துச்சு அண்ணாச்சி?"

"பிரஷர் பாக்குற மிஷின். எனக்குத்தான் வாங்கிட்டு வந்திருக்காரு."

"அத அப்படியே வெச்சிட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த டப்பாவையும் பிரிச்சுப் பாத்தேன்."

மரியபுஷ்பம் அன்றைக்குத் தன் கையால் பிரித்த பலகைகளில் இருபத்திரண்டைப் பொறுக்கிக் கட்டி அவருடைய ஸ்கூட்டரில் ஏற்றினாள். "கட்டிலுக்கு இது போதும். அளவெடுத்து அறுத்துக் கொண்டாங்க. கூட்டுறத இங்கன வெச்சுச் சொல்லுதேன்."

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனாக இருந்தாலும் திருந்தியிருப்பான். ஆவுடையப்பன் வீட்டு முற்றத்தில் பலகையைப் பரப்பி வைத்து அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை இருந்ததெல்லாம் அடிக்கட்டையில். அடிக்கட்டை கிட்டங்கியில் கிடக்கிறது. பலகையில் ஒரு எழுத்தும் இல்லை. அவள் நல்லவள்தான், சரி. அவளுக்கு விற்றவன்? மேலே வழவழவென்று இருக்கும் பலகையை உள்ளே கரையான் அரித்திருந்தால்? பச்சைப் பிள்ளை படுக்கப்போகிற இடம் அல்லவா?

துறைமுகத்தில் பலகையைக் குடைந்து உள்ளே சரக்கு வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு நுனியிலும் ஒவ்வொரு துளை, நடுவில் ஒன்று. ஆவுடையப்பன் டிரில்லிங் மிஷினை எடுத்தார்.

மறுநாள் இருபத்திரண்டு பலகையையும் கொண்டுவந்து மரியபுஷ்பத்தின் முன்னால் அடுக்கினார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எல்லாத்தையும் சோதிச்சிட்டேம்மா. ஒண்ணுல ஒரு பூச்சி இல்ல, அரிப்பு இல்ல. அத்தனையும் நல்ல பலகை."

அவள் மேலே கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று துளை வழியாகவும் வெயில் வந்தது.

"நல்ல பலகையாத்தான் இருந்துச்சு" என்றாள்.

பலகையின் நுனியைக் கட்டையில் வைத்து ஒரு ஆணியைப் பதமாக அடித்தாள். ஆணியிலிருந்து நுனித் துளைக்கு ஒரு விரிசல் ஓடியது. இன்னொரு அடி. நுனி பிளந்து விழுந்தது. அடுத்த பலகையை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் அடித்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை அவள் நீட்டியபோது அவர் கையை எடுத்துக்கொண்டார்.

ஆவுடையப்பனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. சனிக்கிழமைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"வேற பலகை இருக்காம்மா?"

"இருக்கு. நீங்களே ஒரு பேலட்டப் பாத்து எடுங்க, நீங்களே பிரிங்க."

அவரே எடுத்தார், அவரே பிரித்தார். டிரில்லைத் தொடவில்லை. தொடாமல் இருக்க அவர் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டங்கியை மூன்று தடவை சுற்றுவார், பிறகு வந்து அடுத்த பலகையை அறுப்பார். உப்புத்தாள் போட்டு உரசி உரசி, கன்னத்தை வைத்துப் பார்த்தாலும் சிராய் குத்தாதபடி செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டில் வீட்டுக்கு வந்தது. நாலு காலும் தரையில் பதிந்து கல்லாட்டம் நின்றது.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கோமதி வந்தாள். பிள்ளையை அம்மா மடியில் போட்டாள். அப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றாள், ஊருக்குப் புதிதாய் வந்தவள் மாதிரி.

ஆவுடையப்பன் கட்டிலைக் காட்டினார். "நான் செஞ்சது."

அவள் கட்டிலருகே போனாள். "எங்க உள்ள மரம்?"

"பேலட் பலகை. நல்ல மரம்தான்."

"யாரு சொன்னா?"

கோமதி குனிந்து உள்ளங்கையால் ஒவ்வொரு பலகையாகத் தடவினாள். தாவணித் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, நூல் எங்காவது மாட்டுகிறதா என்று ஓரமெல்லாம் இழுத்துப் பார்த்தாள். "அம்மா, அந்த டார்ச்சக் குடுங்க" என்றாள். கட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டு, அடியில் வெளிச்சம் அடித்து ஆணி ஆணியாகப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள்.

ஆவுடையப்பனுக்கு முகம் எரிந்தது. துறைமுகத்துச் சோதனைப் பெஞ்சில் உட்கார வைத்துப் பையைத் திறக்கச் சொன்னதுபோல் இருந்தது. எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறார்! செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று சண்முகவடிவு கேட்பதைக் காதில் வாங்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கிட்டங்கியில் மரியபுஷ்பம் பலகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, மக வரலியா?"

"வந்துட்டா. வந்து என் கட்டிலப் புரட்டிப் போட்டுச் சோதன போடுதா! டார்ச் அடிச்சுப் பாக்கா. மோந்து பாக்கா. பெத்த அப்பன் ரெண்டு வாரம் உக்காந்து செஞ்சது, அத நம்பல. என்னையே நம்பலம்மா அவ."

"உங்க முன்னாலதான பாத்தா?"

"முன்னாலதான். என் மூஞ்சிக்கு நேரா."

"கேள்வியும் கேட்டாளா?"

"கேட்டா."

மரியபுஷ்பம் கையிலிருந்த பலகையை அடுக்கில் வைத்தாள்.

"பிள்ளையப் படுக்க வைக்க வேண்டாம்னு நெனச்சவ எதுக்கு அண்ணாச்சி ஆணி ஆணியாப் பாக்கணும்?"

ஆவுடையப்பன் பேலட் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

"எத்தன மணிக்குப் போறாளாம்?" என்று கேட்டாள் அவள்.

"நாலரை பஸ்ஸு."

"இப்ப என்ன பண்ணுதா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருப்பா. அவ அப்படித்தான், ஒண்ணத் தொட்டா விட மாட்டா. நான் கெளம்பும்போது ரெண்டு பக்கம் முடிஞ்சிருந்துச்சு. மறுபக்கம் பாக்கணும்னா முழுசாப் புரட்டணும்."

"கனமான கட்டில்லா அது?"

"நல்ல கனம். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் சேந்துதான் உள்ள கொண்டு போட்டோம்."

மரியபுஷ்பம் அவருடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பிள்ள பெத்த உடம்பு அண்ணாச்சி, ஒத்தையில புரட்டப் போறா. ஓடிப் போயி மறுபக்கத்தப் புடிங்க."