எட்டாவது மருத மரம்

ஒரு காட்டில் சட்டம் என்று இருந்தது ஒரே ஒரு கேள்விதான். மரம் காய்ந்துவிட்டதா, இல்லையா?

காயாத மரத்தை யாரும் தொடக்கூடாது. காய்ந்த மரத்தைச் சாய்க்கலாம். சாய்த்த இடத்தில் வளை தோண்டிக் குடியேறலாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்வது மரங்கொத்தியின் வேலை. அது கண்டிப்பான பறவை. மரத்தின் பாதி உயரத்தில் போய் உட்காரும். மூன்று முறை தட்டும். தலையைச் சாய்த்துக் கேட்கும். பச்சை மரம் என்றால் சத்தம் கனமாக, ஈரமாக வரும். காய்ந்த மரம் என்றால் கணீரென்று வரும். "காய்ந்தது" என்று மரங்கொத்தி சொல்லிவிட்டால் யானை வந்து நெற்றியால் முட்டிச் சாய்த்துவிடும்.

யானை யாரிடமும் எதுவும் கேட்காது. யாரும் கேட்காமல் எதுவும் சொல்லாது.

அந்தக் காட்டின் ஓடைக்கரையில் எட்டு மருத மரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் யானையே பின்னால் நின்றால் மறைந்துபோகும் அளவுக்குப் பருமன். கரை மண் மெத்தென்று இருக்கும். கூப்பிடு தூரத்தில் தண்ணீர். அங்கே ஒரு வளை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்காத பிராணி இல்லை. நரியும் நினைத்தது. ஆனால் நரி தனக்கு ஒரு வளையை நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு விலைக்குக் கொடுக்க நூறு வளைகளை நினைத்தது.

அந்த வருடம் மழை நின்றதும் மருத மரங்கள் காயத் தொடங்கின. கார்த்திகையில் ஒன்று. மார்கழியில் இரண்டு. தை, மாசி என்று பங்குனிக்குள் ஏழு மரங்கள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் மரங்கொத்தி வந்து தட்டியது, "காய்ந்தது" என்றது. யானை சாய்த்தது. மறுநாள் காலையில் நரி வந்து அந்த இடத்தில் வெள்ளைக் கற்களை நட்டது. ஏழு மரம் விழுந்ததும் இடத்துக்கு ஒரு பெயரும் வைத்தது. மருத நிழல் நகர்.

"நிழல் எங்க அண்ணே?" என்று ஒரு குரல் கேட்டது.

நரி குனிந்து பார்த்தது. மூஞ்சூறு நின்றிருந்தது. மூஞ்சூறுக்குக் கண் அவ்வளவாகத் தெரியாது. மூக்கு நீளம். கேள்விகள் அதைவிட நீளம்.

"நிழல்தான் பேர்ல இருக்கே. தரையில வேற வேணுமா?" என்றது நரி.

"மரமெல்லாம் ஏன் காஞ்சிச்சு?"

"வயசாயிடுச்சு."

"அக்கரையில நிக்கிற மருதம் இதுகளைவிடக் கிழடாச்சே. அது ஏன் காயல?"

"டேய் மூக்கா, அந்தக் கரை மண்ணு வேற."

"அந்தக் கரையில நீங்க நகர் போடலையா அண்ணே?"

நரி கல் நடும் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது.

எஞ்சி நின்றது எட்டாவது மரம். அதன் உச்சிப் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் இருந்தது.

பிள்ளைகளே, இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்காரும். பொந்தின் வாயை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு மட்டும் வெளியே வரும் அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி இருக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு பொரித்துக் கொஞ்சம் வளரும்வரை அதனால் பறக்க முடியாது. அதுவரை ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்த இடைவெளி வழியாக ஊட்டும்.

பங்குனியில் அந்தப் பெண் இருவாச்சி உள்ளே போனபோது மரம் பச்சையாக இருந்தது. சித்திரை முடிவதற்குள் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. அந்த வாரம்தான் குஞ்சு பொரித்தது.

நரி மரங்கொத்தியிடம் போனது. "ஐயா, எட்டாவதையும் ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லிட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். குடிவர்றவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

மரங்கொத்தி வந்தது. யானை வந்தது. இடம் பார்க்கக் காட்டுப்பன்றி தன் குடும்பத்தோடு வந்திருந்தது. மூஞ்சூறும் வந்தது. அதை யாரும் கூப்பிடவில்லை.

ஆண் இருவாச்சி அப்போதுதான் அத்திப்பழத்தோடு பறந்து வந்தது. கீழே யானையைப் பார்த்ததும் அலகிலிருந்த பழத்தை நழுவவிட்டது.

"ஐயா! உள்ள என் வீட்டுக்காரி இருக்கா. குஞ்சு இருக்கு. பொரிச்சு நாலு நாள்தான் ஆச்சு."

"கதவை உடைச்சிட்டு வெளிய வரச் சொல்லுப்பா," என்றது நரி.

"வெளிய வந்து? அவளுக்கு இப்ப ஒரு இறகுகூட இல்ல. அவளால பறக்க முடியாது."

"அதுக்காக மரம் காயாம இருக்குமா?"

இருவாச்சி மரங்கொத்தியைப் பார்த்தது. மரங்கொத்தி வேறு பக்கம் பார்த்தது. "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சட்டத்துல கூடு வரல. மரம் காஞ்சிடுச்சா இல்லையாங்கறது ஒண்ணுதான் கேள்வி," என்றது.

பாதி உயரத்தில் போய் உட்கார்ந்து மூன்று முறை தட்டியது. தலையைச் சாய்த்துக் கேட்டது. சத்தம் கணீரென்றும் இல்லை, ஈரமாகவும் இல்லை. மறுபடியும் தட்டியது. பிறகு சொல்வதற்காக வாயைத் திறந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றது மூஞ்சூறு.

"என்ன?"

"நீங்க எப்பவும் நடுமரத்துலயேதான் தட்டுவீங்களா?"

"ஆமா. எங்க அப்பா அங்கதான் தட்டினாரு. அவங்க அப்பாவும் அங்கதான்."

"அடியில தட்டினா என்ன சத்தம் வரும்?"

மரங்கொத்தி யோசித்தது. "அது... தெரியாது," என்றது.

"ஐயா, வெயில் ஏறுது," என்றது நரி.

ஆனால் மரங்கொத்தி நரியின் பக்கம் திரும்பவில்லை. இத்தனை வருடம் மரத்தைத் தட்டிவிட்டு, தட்டினால் என்ன சத்தம் வரும் என்று தெரியாத ஓர் இடம் மரத்தில் இருக்கிறதே என்பது அதை உறுத்தியது. வாலை ஊன்றிக்கொண்டு பின்பக்கமாகவே மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வேரடியில் ஒரு பக்கம் தட்டியது. கனமான, ஈரமான சத்தம். நகர்ந்து இன்னொரு பக்கம் தட்டியது. அங்கேயும் ஈரம்தான்.

"அட," என்றது மரங்கொத்தி.

ஓடையைப் பார்த்த பக்கத்தில் தட்டியபோது பொத்தென்று சத்தம் வந்தது. பட்டையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதோடு சேர்த்து அப்பியிருந்த மண்ணும் விழுந்தது. உள்ளே ஒரு குழி. குழி நிறையப் பழுப்பாகக் கட்டி கட்டியாக ஏதோ இருந்தது. மரங்கொத்தி ஒரு கட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது. பறவையாகையால் அதற்கு வாசனை தெரியவில்லை.

"என்ன இது?"

"பிசின்தான் ஐயா. வயசான மரத்துல வடியறதுதானே," என்றது நரி.

மூஞ்சூறு மூக்கை நீட்டியது. "பெருங்காயம்," என்றது.

பன்றிக்குட்டிகள் சிரித்தன. நரியும் சிரித்தது. "நீ போன வழியில மூணு நாளைக்கு யாரும் மூச்சுவிட முடியாது. நீ வாசனையப் பத்திப் பேச வந்துட்டியா?"

"அதனாலதான் அண்ணே மத்த வாசனையெல்லாம் எனக்குத் தனியாத் தெரியும்," என்றது மூஞ்சூறு. அதற்குக் கோபம் வரவில்லை. "ஊருக்குள்ள நாலு வீட்டுச் சமையல்கட்டுக்கு நான் போய்வர்றவன். வேண்டாத மரத்தைக் குடைஞ்சு பெருங்காயத்தை வெச்சு அடைச்சா மரம் தானாக் காஞ்ச மாதிரி காஞ்சிடும்னு அங்க பேசிக் கேட்டிருக்கேன்."

பிறகு அது யானையை அண்ணாந்து பார்த்தது. "யானையண்ணே, மத்த ஏழு மரத்துலயும் இதே வாசனை இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றது யானை.

மரங்கொத்தி சட்டென்று யானையின் பக்கம் திரும்பியது.

"ஏன் சொல்லல?" என்றது மரங்கொத்தி.

"யாரும் கேக்கல," என்றது யானை.

நரி அசரவில்லை. "சரி, பெருங்காயமாவே இருக்கட்டும். வெச்சது யாரு? சந்தைப் பக்கம் போயிட்டு வர்ற குரங்கு எதாச்சும் வெச்சிருக்கும். நான் இந்த மரத்தைத் தொட்டதைப் பாத்தவங்க இருந்தா முன்னால வரட்டும்."

யாரும் முன்னால் வரவில்லை.

"அவ்வளவுதான். இப்ப சட்டத்துக்கு வாங்க. யாரு காய வெச்சாங்கன்னு சட்டம் கேக்குதா? காஞ்சிடுச்சான்னுதானே கேக்குது? மேல பாருங்க. பச்சை இலை ஒண்ணு காட்டுங்க."

மரங்கொத்தி மேலே பார்த்தது. எங்கும் சருகுதான். பொந்துக்குள்ளிருந்து குஞ்சு பசியில் கத்தும் சத்தம் கேட்டது. ஆண் இருவாச்சி பொந்தின் வாயருகே போய்ச் சிறகை விரித்துக்கொண்டு ஒட்டி நின்றது. யானை பழக்கத்தில் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது.

இதற்குள் மூஞ்சூறு வேறு யாரிடமோ பேசப் போயிருந்தது. காட்டுப்பன்றி மரத்தின் வேர்களுக்கு நடுவே நின்று, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, உங்க இடம் எதுங்க?"

பன்றிக்குத் தன் இடத்தைப் பற்றிப் பேசுவதென்றால் மிகவும் பிடிக்கும். "இதுதான் மாப்பிள்ள! நான் நிக்கிற இடம். மூலை மனை. வாசல்ல நின்னா ஓடை. இதுக்கு எத்தனை பேர் போட்டி தெரியுமா?"

"அப்புறம் எப்படி உங்களுக்குக் கிடைச்சுது?"

"முந்திக்கிட்டேன்ல! ஐப்பசியிலயே பேசி முடிச்சிட்டேன். முதல் ஆளு நான்தான்."

"ஐப்பசியிலயா? அப்ப எட்டு மரமும் பச்சையால்ல இருந்துச்சு?"

"பச்சைதான். நானும் அதையேதான் கேட்டேன். என்னப்பா, பச்சை மரம் நிக்குது, அதுல எப்படி எனக்கு வளைன்னு. நரி சொல்லுச்சு, கவலைப்படாதீங்க மாமா, மத்ததெல்லாம் முன்னாடியே போயிடும், உங்க மரம் சித்திரைக்குள்ள காஞ்சிடும்னு." பன்றி எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது. "சொன்ன மாசம் தப்பல பாத்தியா? அதான் சொல்றேன், கொடுக்கல் வாங்கலை இப்படி நாணயமான ஆளுகிட்டதான் வெச்சுக்கணும்."

நரி இருமியது. பன்றிக்கு அது புரியவில்லை.

"அண்ணே," என்றது மூஞ்சூறு நரியிடம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டது. "பச்சை மரம் எந்த மாசம் காயும்னு உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

நரி ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பி நடந்தது.

அதன் முன்னால் ஒரு பெரிய கால் வந்து ஊன்றியது. யானை தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தானாகவே ஒரு கேள்வி கேட்டது.

"எங்க போற?"

"வேரடியில இன்னும் ஈரம் இருக்கு, இந்த மரம் காயல," என்று மரங்கொத்தி தீர்ப்புச் சொன்னது. மூஞ்சூறு குழிக்குள் புகுந்து பெருங்காயத்தைக் கட்டி கட்டியாக வெளியே தள்ளியது. ஓடையிலிருந்து ஈர மண்ணை வாயில் கவ்விக்கொண்டுவந்து குழியை நிரப்பியது நரி. யானை பக்கத்திலேயே நின்றது. இருவாச்சி தன் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்வரை தினமும் வேருக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் நரியின் வேலை ஆயிற்று. நரிக்கு வாய் சின்னது. நாள் முழுக்க நடக்க வேண்டியிருந்தது.

ஆனி மாதம் ஒரு காலையில் பூசிய மண் உதிர்ந்தது. தாய் முதலில் தலையை நீட்டியது. சில நாட்கள் கழித்துக் குஞ்சும் வெளியே வந்து, வந்த வேகத்தில் கிளையைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியது. அது பிடித்துக்கொண்ட கிளையில் புதுத் தளிர் இருந்தது. மரத்தின் ஓடைப் பக்கப் பாதி கடைசிவரை தளிர்க்கவில்லை. மறு பாதி தளிர்த்தது.

மற்ற ஏழு மரங்களும் திரும்பி வரவில்லை. மருத நிழல் நகரில் யாரும் குடியேறவும் இல்லை. அங்கே வெயில் தாங்க முடியவில்லை என்று காட்டுப்பன்றிதான் முதலில் சொன்னது. வெள்ளைக் கற்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

மரங்கொத்தி அதன்பிறகு எந்த மரத்துக்குப் போனாலும் வேரடியில்தான் முதலில் தட்டுகிறது. தட்டிக்கொண்டே மேலே ஏறுகிறது. நீங்கள் பார்க்க நேர்ந்தால் கவனியுங்கள்.

நீதி: "காய்ந்ததா?" என்று மட்டும் கேட்கும் சட்டம் மரத்தைக் காக்காது, "ஏன் காய்ந்தது?" என்றும் கேட்க வேண்டும்.