காற்றாடிக்குப் போட்ட பச்சை இலை

ஒரு காட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காற்றுக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த கணவாய்க் காடு அது. ஆடி மாதம் வந்துவிட்டால் முயல்கள் காதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அந்தக் காட்டுக்கு ராஜா கிடையாது. சிங்கம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் பெரிய காரியம் எதுவானாலும் எல்லா விலங்குகளும் கூடி, வாக்குப் போட்டு முடிவு செய்யும்.

தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். ஆறு பள்ளத்தில் ஓடியது, காடோ மேட்டில் இருந்தது. ஆற்றங்கரையில் ஒரு நீராவிப் பொறி வைத்திருந்தார்கள். அதன் அடுப்பில் விறகு எரிந்தால் தண்ணீர் மேட்டுத் தொட்டிக்கு ஏறும். பொறிக்கு விறகு கொடுக்கும் குத்தகை நரியிடம் இருந்தது. அதற்குக் கூலியாக ஒவ்வொரு வீட்டுத் தீனியிலும் நரிக்கு ஒரு பங்கு போகும். நரி நன்றாகத்தான் கொழுத்திருந்தது.

மரம் சாய்க்கும் வேலை யானையுடையது. யானைக்கு நல்ல மனசு. ஆனால் சொன்னதைச் செய்யுமே தவிர, ஏன் என்று கேட்காது. நரி காட்டிய மரத்தை முட்டித் தள்ளிவிட்டு, கூலிக் கரும்பை மென்றுகொண்டே போய்விடும்.

இப்படியே ஆற்றங்கரை மரங்களெல்லாம் அடுப்புக்குள் போயின. கடைசியில் பொறிக்குப் பக்கத்தில் மிஞ்சியது ஒரே ஒரு பெரிய தான்றி மரம்.

அந்த மரத்துப் பொந்துதான் கொண்டையன் என்ற இருவாச்சியின் வீடு. இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமா உங்களுக்கு? முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை மண் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துபோகும், பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்டும். கொண்டையனின் மனைவி பவளமும் அப்படித்தான் ஒரு சின்னக் குஞ்சோடு உள்ளே இருந்தாள்.

மிஞ்சிய மரம் தன் வீட்டு மரம்தான் என்று தெரிந்ததும் கொண்டையன் சும்மா இருக்கவில்லை. அவன் தூக்கணாங்குருவிகளிடம் ஓடினான். அவை பனைநாரில் இறக்கை பின்னிக் கொடுத்தன. எல்லாருமாகச் சேர்ந்து மேட்டில் இருந்த ஒரு பாறை உச்சியில் ஒரு சின்னக் காற்றாடியை நட்டார்கள். காற்று அதைச் சுற்றியது. ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, பாறையடியில் இருந்த கல்தொட்டியில் விழுந்தது.

மறுநாளே கொண்டையன் சபையைக் கூட்டினான். ஆமைதான் சபைத் தலைவர். யார் பக்கமும் சாயாத ஆமை அது. சாய்ந்தால் புரண்டுவிடுமே என்று குரங்குகள் கேலி பேசும்.

"தலைவரே, என் தீர்மானம் இதுதான்" என்றான் கொண்டையன். "மேட்டுத் தொட்டிக்கு ஏறுற தண்ணியில பாதியாவது இனிமே காத்தாலயோ வெயிலாலயோ ஏறணும். நம்ம காட்டுக்கு அதைச் சட்டமா வைக்கணும்."

நரி எழுந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டது.

"தம்பி நல்ல பையன். ஆனா விவரம் பத்தாது. காத்து இன்னைக்கு அடிக்கும், நாளைக்கு நிக்கும். அப்போ தண்ணிக்கு எங்கே போவீங்க? விறகு அப்படியா? அது என்னைக்கும் தீராது!"

"ஐயையோ, தண்ணி நின்னுபோயிருமா?" என்று முயல் நடுங்கியது. பயப்படுவதற்கென்றே பிறந்த முயல் அது.

"நிக்காது முயலக்கா" என்றான் கொண்டையன். "காத்தடிக்கும்போது தொட்டியை நிரப்பி வெச்சுக்குவோம். அப்படியும் பத்தலைன்னா மீதிப் பாதிக்குப் பொறி இருக்கு. நான் பாதிதானே கேக்குறேன்?" பிறகு நரியைப் பார்த்தான். "ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. நாளைக்கே விறகு தீர்ந்துபோச்சுன்னா என் வீட்டு மரத்தைத் தொட மாட்டீங்களே?"

"சத்தியமாத் தொட மாட்டேன்! தீர்ந்தாத்தானே தம்பி!" என்று நரி சிரித்தது.

இவ்வளவு பேச்சும் நடந்தபோது யானை சபை ஓரத்தில் கரும்பு மென்றுகொண்டிருந்தது. "நமக்கு எதுக்குப்பா இந்த வம்பு?" என்று ஒரு காதை மட்டும் ஆட்டியது.

வாக்குப் போடும் நாளை ஆமை அறிவித்தது. தீர்மானம் வேண்டும் என்பவர்கள் குடத்தில் பச்சை இலை போட வேண்டும். வேண்டாம் என்பவர்கள் சருகு போட வேண்டும். அவரவர் வாக்கை அவரவரே போட வேண்டும்.

வாக்கு நாளன்று காலை நரி தடபுடலாக ஒரு விருந்து வைத்தது. "சருகு போடுறவங்க எல்லாரும் வயிறு முட்டச் சாப்பிடலாம்! என் பொறி அடுப்பு ஒரே சமயத்துல தண்ணியும் ஏத்தும், பந்தியும் போடும். பாருங்க என் விறகோட மகிமையை!"

அடுப்பைச் சுற்றி அண்டா அண்டாவாகச் சேனைக்கிழங்கு ஏறியது. கரடி எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. விருந்து என்றால் அதற்கு வேறு யோசனையே ஓடாது. "எனக்கு ரெண்டு சருகு கொடுங்க" என்றுகூடக் கேட்டுப் பார்த்தது.

நரிக்கு ஊரையே அசத்திவிட வேண்டும் என்று ஆசை. "இன்னும் போடு, இன்னும் போடு" என்று விறகை அள்ளி அள்ளி அடுப்பில் போட வைத்தது. கிழங்கு பாதிகூட வேகவில்லை. விறகுக் கொட்டகை காலியாகிவிட்டது. தீ சுருங்கியது. தண்ணீர் ஏற்றும் பொறியும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

நரிக்கு வியர்த்தது. அது மெல்ல நழுவி யானையிடம் போய்க் காதைக் கடித்தது.

"அண்ணாச்சி, அந்தத் தான்றியைச் சாய்ச்சுக் கொண்டாங்க. சீக்கிரம்! வெறும் பொந்து மரந்தான். குடியிருந்தவங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க."

யானை வழக்கம்போல ஏன் என்று கேட்காமல் நடந்தது. மரத்தில் நெற்றியை வைத்து ஒரு முட்டு முட்டியது.

"யாருங்க அது, வீட்டை ஆட்டுறது?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

யானை திடுக்கிட்டுப் பின்வாங்கியது. "நான் யானைம்மா. உள்ளே யாரு?"

"நான் பவளம், கொண்டையன் வீட்டுக்காரி. கொஞ்சம் மெதுவா அண்ணாச்சி, பிள்ளை இப்பத்தான் கண்ணசந்தது."

"நீ வெளியே வந்திரு தாயி. நான் இந்த மரத்தைத் தள்ளணும்."

"எனக்கு இறகே இல்லையே. எப்படி வருவேன்? பிள்ளைக்கு இன்னும் கண்ணே சரியாத் திறக்கலை. அதை எப்படிக் கொண்டுவருவேன்?"

இத்தனை நாளும் கேட்காத கேள்வியை அன்றுதான் யானை தன்னையே கேட்டுக்கொண்டது. நான் ஏன் தள்ள வேண்டும்?

அடுத்த நிமிடம் யானை பிளிறிக்கொண்டே விருந்துத் திடலுக்குள் நுழைந்தது. "அடுப்புல போட விறகு இல்லை! இந்தக் கிழங்கு வேகுறதுக்குப் பவளத்தையும் அவ பிள்ளையையும் சேர்த்து எரிக்கணுமாம். எரிக்கலாமா? சொல்லுங்க!"

கொண்டையன் மரத்துக்குப் பறந்தான்.

பயந்தாங்கொள்ளி முயல்தான் முதலில் வாய் திறந்தது. "விறகு என்னைக்கும் தீராதுன்னு சொன்னீங்களே?"

"அது வந்து, கிழங்கு கொஞ்சம் பெருசு..." என்று நரி இழுத்தது.

அதற்குள் கரடி "ஆ! ஊ!" என்று குதித்தது. பொறுக்க மாட்டாமல் அரைவேக்காட்டுச் சேனையை விழுங்கிவிட்டது அது. நாக்கும் தொண்டையும் அரிப்பெடுத்தன. "தண்ணி! தண்ணி!" என்று மேட்டுத் தொட்டிக்கு ஓடியது. அங்கே காலையில் ஏறியதை எல்லாரும் குடித்துத் தீர்த்திருந்தார்கள். அங்கிருந்து பாறையடிக்கு ஓடியது. காற்றாடி தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, கல்தொட்டியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கரடி மூக்கு முழுகக் குடித்தது. திரும்பி வரும்போது அதன் கையில் ஒரு பச்சை இலை இருந்தது.

கரடியைத் தொடர்ந்து எல்லாரும் வரிசையில் நின்றார்கள். முயல் போட்டது. குரங்குகள் போட்டன. யானை ஒரு கிளையையே ஒடித்துக் குடத்தில் செருகப் பார்த்தது. "ஒரு இலைதான்!" என்று ஆமை அதட்டியது.

எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லாமல் தீர்மானம் ஜெயித்துவிட்டது. ஆனாலும் யானை அசையவில்லை.

"பவளம் இன்னும் வாக்குப் போடலை தலைவரே. அவளால வர முடியாது. நாமதான் போகணும்."

"நியாயந்தான்" என்றது ஆமை. யானை ஒரு நொடியில் ஆமையையும் குடத்தையும் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு நடந்தது. மரத்தருகே இருந்த கொண்டையன் தன் இலையைப் போட்டுவிட்டு, இன்னொரு பச்சை இலையைப் பறித்து, மண்கீறல் வழியே மனைவிக்கு நீட்டினான். யானை குடத்தைத் துதிக்கையால் உயரத் தூக்கிப் பிடித்தது. கீறலிலிருந்து ஓர் அலகு வெளியே வந்து இலையைக் குடத்துக்குள் போட்டது.

"நாங்க வெளியே வர்றப்போ இந்த மரம் இருக்குமா அண்ணாச்சி?" என்று பவளம் கேட்டாள்.

"இருக்கும் தாயி" என்றது யானை.

ஆனிச் சாரல் தொடங்கியபோது பவளமும் குஞ்சும் வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பாறைமேல் வரிசையாகக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு எண்ணெய் போடும் வேலையில் நரி இருந்தது, கொஞ்சம் இளைத்துப்போய். குஞ்சு முதல்முறையாகச் சிறகை விரித்தது. தட்டுத் தடுமாறிப் பறந்து, அதே தான்றி மரத்தின் வேறொரு கிளையில் போய் உட்கார்ந்தது.

நீதி: எரித்தால் தீர்ந்துபோவதை மட்டுமே நம்பியிருந்தால் ஒருநாள் அடுத்தவர் வீட்டையே எரிக்க நேரும், தீராமல் தேடி வருவதைக் காலத்தோடு ஏற்றுக்கொள்வதே அறிவு.